அணங்கு, கள்வர், இறை: தமிழ் அமானுடத் துப்பறியும் புனைவில் அச்சத்தின் பொருள்களும் நெய்வேலி நிலமும்

ஆய்வுச்சுருக்கம்

பேய், தெய்வம், ஆவி ஆகியவற்றால் நிகழ்ந்ததாக நம்பப்படும் குற்றத்தைத் தனித் துப்பறிவாளர் ஒருவர் ஆராயும் கதைவகை தமிழ் வெகுமக்கள் புனைவில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. மேலைக் கோட்பாடுகளைக் கொண்டு மட்டும் இதனை விளக்கும்போது, பகுத்தறிவு மூடநம்பிக்கையை வெல்லும் கதையாகவே இது சுருங்கிவிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குக் கூறும் நான்கு நிலைக்களன்களை அளவுகோலாகக் கொண்டு, இவ்வகையில் அச்சம் ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு இடம்பெயரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பேய் பொய்யென நிறுவப்படும் இடத்தில் பேயின் வாயிலாக எழுந்த முறையீடு என்னவாகிறது என்ற வினாவை முன்வைத்து, நெய்வேலி நிலக்கரி நகரியத்தை அவ்வினாவுக்குரிய நிலமாகப் பொருத்திக் காண்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், அணங்கு, துப்பறியும் புதினம், இருண்மைப் புனைவு, சுஜாதா, இந்திரா சௌந்தர்ராஜன், நெய்வேலி, பிராது.

முன்னுரை

துப்பறியும் புனைவுக்கு விதிகள் வகுத்தவர்களுள் ஒருவரான ரொனால்ட் நாக்ஸ், 1929-இல் வெளியிட்ட பத்து விதிகளுள் இரண்டாவதில் அமானுட ஆற்றல்களுக்கு இடமில்லை என்றார். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது கருதத்தக்கது. கடவுளை நம்புபவரே கதையிலிருந்து அமானுடத்தை விலக்கியதற்குக் காரணம் நம்பிக்கையன்று, ஆட்டநெறி. எதுவும் நிகழலாம் என்றால் சான்றுக்கு மதிப்பில்லை. சான்றுக்கு மதிப்பில்லாத இடத்தில் துப்பறிவாளருக்கு வேலையில்லை.

எனினும் இவ்விதி எழுதப்படுவதற்கு முன்பே அதனை மீறிய படைப்புகள் ஆங்கிலத்தில் தோன்றிவிட்டன. ஷெரிடன் லெ ஃபானு 1872-இல் வெளியிட்ட தொகுப்பில் வரும் மருத்துவர் ஹெசீலியஸ், அல்ஜெர்னான் பிளாக்வுட்டின் ஜான் சைலன்ஸ் (1908), வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் கார்னாக்கி ஆகியோர் ஆவிகளை ஆராய்வோராகவே படைக்கப்பட்டனர். வில்லியம் ஜோர்ட்ஸ்பெர்க்கின் 1978ஆம் ஆண்டுப் புதினத்தில், காணாமற்போன பாடகன் ஒருவனைத் தேடும் தனித் துப்பறிவாளன் தன்னையே கண்டடைகிறான். இருண்மைப் புனைவும் பேய்க்கதையும் முழுமையாக இணைந்த படைப்பு இது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் தொதரோவ் 1970-இல், இயற்கை விளக்கத்திற்கும் அமானுட விளக்கத்திற்கும் இடையே வாசகர் தயங்கும் நிலையையே இத்தகைய இலக்கியத்தின் உயிர் எனக் கொண்டார்.

தொதரோவின் வாய்பாடு தமிழ்ப் படைப்புகளுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் அது வாசகரின் தயக்கத்தை அளக்குமேயன்றி, அச்சம் எதன்மீது எழுகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கூறாது. அதனைக் கூறும் கருவி தமிழ் இலக்கண மரபிலேயே உண்டு.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு பொருள்களைக் கூறுகிறது. பேராசிரியர் தம் உரையில் அணங்கு என்பதனுள் பேய், பூதம் முதலியவற்றையும், விலங்கு என்பதனுள் அரிமா முதலியவற்றையும், கள்வர் என்பதனுள் தீத்தொழில் புரிவோரையும், இறை என்பதனுள் தந்தை, ஆசிரியர், அரசன் முதலியோரையும் அடக்குவார்.

இப்பகுப்பில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, அமானுட அச்சமும் மனித அச்சமும் ஒரே நிரலில் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று மெய், மற்றது பொய் என்ற வேறுபாடு இங்கில்லை. இரண்டாவது, தீயோர்மீது எழும் அச்சமும் அதிகாரம் உடையோர்மீது எழும் அச்சமும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. துப்பறியும் புனைவின் வகைகளை இந்நிரலில் வைத்துப் பார்த்தால் அவற்றின் இயல்பு தெளிவாகும். அணங்கினால் விளைந்த அச்சத்தைக் கள்வரால் விளைந்ததென நிறுவுவது மரபான துப்பறியும் கதை. கோனன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய்ப் புதினம் (1901-1902) அணங்காகவும் விலங்காகவும் தோன்றிய ஒன்றின் பின்னே சொத்துக்கு ஆசைப்பட்ட கள்வனைக் காட்டியது. கள்வரைத் தேடிச் சென்று இறையிடம் வந்து நிற்பது இருண்மைப் புனைவு. குற்றவாளி பிடிபட்டாலும் குற்றத்தை இயலச்செய்த அதிகாரம் அப்படியே நிற்கும் என்பதே அதன் கசப்பு. அணங்கில் தொடங்கி இறையில் முடிவது அமானுட இருண்மைப் புனைவு எனலாம்.

சான்று வினாவும் முறையீட்டு வினாவும்

குற்றம், சான்று, அணங்கு மூன்றும் ஒன்றாக நிற்கும் முதற்பெருங்காப்பியம் சிலப்பதிகாரம். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் முன் கண்ணகி வைத்தது கண்ணீரை மட்டுமன்று, சான்றையும்தான். தேவியின் சிலம்பின் பரல் முத்து. கோவலனிடமிருந்து கொண்ட சிலம்பின் பரல் மாணிக்கம். சிலம்பு உடைந்த கணத்தில் கோவலன் கள்வனல்லன் என்பது ஐயத்திற்கிடமின்றி உறுதியாயிற்று. துப்பறியும் கதை என்றால் அங்கே முடிந்திருக்கும்.

காப்பியம் அங்கே முடியவில்லை. மதுராபதித் தெய்வம் தோன்றி முற்பிறப்பைக் கூறுகிறது. அப்பிறப்பில் பரதன் என்பானாக இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொல்லச்செய்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பில் விளைந்தது. தெய்வம் கூறும் விளக்கமும் ஒரு வழக்குக் கதையாகவே அமைந்திருப்பது எண்ணத்தக்கது. பொய்க் குற்றச்சாட்டு, ஆராயாத அரசு, கணவனை இழந்த பெண் என்ற மூன்றும் அங்கும் உள்ளன. ஒரு நீதிக்கொலைக்குப் பின்னால் மற்றொரு நீதிக்கொலை நிற்கிறது.

பரல் விடையளித்தது 'கோவலன் கள்வனா?' என்ற வினாவுக்கு. மதுராபதி விடையளித்தது 'அவனுக்கு ஏன் இது நேர்ந்தது?' என்ற வினாவுக்கு. முன்னதைச் சான்று வினா என்றும், பின்னதை முறையீட்டு வினா என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. சிலப்பதிகாரத்தில் ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்புப் பெறும் பழையனூர் நீலி கதை இதற்கு மறுதலையானது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பெடுத்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவன் என்று ஊரவையில் வழக்குரைக்கிறாள். குழந்தை அவனை அப்பா என்றழைக்கிறது. சான்றை நம்பிய வேளாளர் எழுபதின்மர் அவன் உயிருக்குப் பிணை நின்று, அவன் கைவாளையும் விலக்கி அவளோடு அனுப்புகின்றனர். விடிந்தபின் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் காத்து உயிர்விடுகின்றனர். இங்குச் சான்று பொய், முறையீடு மெய். அவையோர் கண்ணெதிரே இருந்த சான்றை மட்டும் பார்த்தனர். அவள் ஏன் வந்தாள் என்று வினவவில்லை. தமிழ் மரபில் பேய் என்பது பெரும்பாலும் விசாரிக்கப்படாத வழக்கின் மற்றொரு பெயர் என்பதற்கு இக்கதை போதிய சான்று.

துப்பறிவாளரின் வருகை

தமிழின் முதல் துப்பறியும் நூலாகக் கருதப்படும் தானவன் கதைகளை 1894-இல் வெளியிட்டவர் பண்டித நடேச சாஸ்திரி. தென்னிந்திய நாட்டார் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் அளித்தவரும், மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. பேயும் பூதமும் உலவும் கதைகளைத் தொகுத்த கையே காவல்துறை நிபுணனின் கதையையும் எழுதியது. நாட்டார் வழக்காற்றைத் திரட்டுவதும் குற்றத்தைத் துலக்குவதும் ஒரே அறிவுச்செயலின் இரு கூறுகளாகத் தமிழில் தொடங்கின என்பதற்கு இது குறிப்பிடத்தக்க சான்று.

அடுத்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல்களும், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வாசகரைப் பெருக்கின. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் தனித்துக் கருதத்தக்க பாத்திரம். அப்பாத்திரம் வரும் 'கும்பகோணம் வக்கீல்' புதினம் 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தால் 'திகம்பர சாமியார்' என்ற பெயரில் திரைப்படமாயிற்று, எம். என். நம்பியார் பல வேடங்களில் நடித்தார். துறவிக்கு எவ்வீட்டினுள்ளும் நுழையும் உரிமையும், எவரும் மனம்திறக்கும் நம்பிக்கையும் உண்டு. சட்டத் தகுதியற்ற தனித் துப்பறிவாளருக்கு வேண்டியவை இவையே. தேவனின் சாம்பு தற்செயலால் வெல்லும் வங்கி எழுத்தர்; தமிழ்வாணனின் சங்கர்லால் உலகம் சுற்றும் நாயகர். இவ்விருவரிடமும் அமானுடம் மையப்பொருளாக இல்லை. அணங்கும் துப்பறிவாளரும் நேருக்குநேர் நிற்கும் களத்தைப் பரந்த வாசகர் முன் அமைத்தவர் சுஜாதா.

சுஜாதாவின் மூன்று விடைகள்

'கரையெல்லாம் செண்பகப்பூ' புதினத்தின் நாயகன் கல்யாணராமன் துப்பறிவாளன் அல்லன். நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டத் திருநிலம் என்னும் சிற்றூருக்கு வரும் ஆய்வாளன். ஜமீன் மாளிகையில் தங்கும் அவன் இரவில் எழும் அமானுட ஒலிகளை எதிர்கொள்கிறான். நடேச சாஸ்திரியிடம் கண்ட இணைப்பு இங்கே பாத்திரமாகவே உருப்பெறுகிறது. ஊரின் பாடலைக் கேட்க வந்தவனே ஊரின் மறைபொருளையும் கேட்க நேர்கிறது. மாளிகையின் அச்சத்திற்குப் பின்னே மனித ஆசை நிற்கிறது. அணங்கு கள்வராக மாறுகிறது.

1981-இல் குமுதத்தில் தொடராக வந்த 'கொலையுதிர் காலம்' இவ்வகையின் உச்சமாகக் கருதப்படுகிறது. பெருஞ்சொத்துக்கு உரியவளாகும் லீனா என்ற இளம்பெண், பண்ணை வீடு, பெண்ணுருவில் தோன்றும் ஆவி, தொடரும் மரணங்கள் ஆகியவற்றினிடையே கணேஷும் வசந்தும் வருகின்றனர். இருவரும் வழக்கறிஞர்கள் என்பது தற்செயலன்று. இந்தியச் சூழலில் தனித் துப்பறிவாளருக்குக் காவல்துறைக்குரிய அதிகாரம் ஏதுமில்லை. வழக்கறிஞருக்கோ கட்சிக்காரர் சார்பில் வினவும் தகுதியேனும் உண்டு. ஆவியின் தோற்றத்திற்கு முப்பரிமாண ஒளிப்படிமம் என்ற அறிவியல் விளக்கம் முன்வைக்கப்படுகிறது. அன்றைய தமிழ் வாசகருள் பலருக்கு அவ்விளக்கமே ஆவியினும் வியப்பூட்டுவதாக இருந்திருக்கும். அச்சத்தை விளக்கவந்த அறிவியல் தானும் ஓர் அணங்குத் தன்மையைப் பெறுவது இப்புதினத்தின் தனிச்சிறப்பு.

'ஆ..!' புதினம் மூன்றாவது விடையைத் தருகிறது. தினேஷ் என்ற இளைஞனின் காதில் குரல்கள் கேட்கின்றன. ஒவ்வோர் அத்தியாயமும் 'ஆ' என்ற ஒலியில் முடிகிறது. இங்குப் பேய் வாழும் இடம் மாளிகையன்று, மனம். உளநோயா, முற்பிறப்பா என்ற வினாவுக்கிடையே கணேஷும் வசந்தும் நிற்கின்றனர்.

மூன்றையும் ஒப்புநோக்கினால், முதலிரண்டில் அச்சம் சொத்தைச் சூழ்ந்து எழுவதும், மூன்றாவதில் அது ஓர் உள்ளத்தினுள் அடைபடுவதும் புலனாகும். சான்று வினாவுக்கு விடைகாணும் முனைப்பு மூன்றிலும் வலுவாக உண்டு. ஆனால் மாளிகையின் செல்வம் எவ்வாறு சேர்ந்தது, அவ்வூரார் அம்மாளிகையை ஏன் அஞ்சினர் என்ற முறையீட்டு வினாக்கள் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

கருப்பின் வழக்குமன்றம்

இந்திரா சௌந்தர்ராஜனின் (1958-2024) 'விட்டு விடு கருப்பா' புதினத்தை அடிப்படையாகக் கொண்டு, கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பாக நாகா இயக்கிய 'விடாது கருப்பு' 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் மர்மதேசம் வரிசையில் ஒளிபரப்பானது. தவறு செய்தோரைக் கருப்பசாமி தண்டிக்கிறார் என்பது ஊரின் நம்பிக்கை. வெளியிலிருந்து வரும் மருத்துவர் ரீனா அதனை ஆராய்கிறார். கொன்றவன் ஆளுமைப் பிளவுற்ற ஒருவன். தான் கொன்றதை அவனே அறியான். ஜோர்ட்ஸ்பெர்க்கின் துப்பறிவாளன் தன்னையே கண்டடைந்த அதே அமைப்பு இங்கு வேறு வடிவில் தோன்றுகிறது. அங்கே சாத்தானின் ஒப்பந்தம் விடையாகிறது. இங்கே உளநோய் விடையாகிறது.

ஆயினும் இத்தொடரில் ஒரு வினா எஞ்சுகிறது. கொன்றது யார் என்பதை மருத்துவம் கூறிவிட்டது. கொலைகளைத் தண்டனை என ஊர் ஏற்றது ஏன்? காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கிட்டாத ஒன்றை ஊரார் கருப்பிடம் எதிர்பார்த்தனர் என்பதே அதற்கு விடையாக முடியும்.

இவ்வெதிர்பார்ப்பு புனைவில் மட்டும் உள்ளதன்று. நெய்வேலிக்கு அருகில், விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் உள்ள கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் இன்றும் உண்டு. களவு, ஏமாற்று, கொடுத்த பணம் திரும்பாமை முதலிய குறைகளைத் தாளில் எழுதி, முறைப்படி தெய்வத்தின் முன் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டுகின்றனர். குறை தீர்ந்தபின் பிராதைத் திரும்பப் பெறுவதற்கும் முறையுண்டு. பிராது என்ற சொல்லே கச்சேரி வழக்கிலிருந்து வந்தது. தெய்வம் இங்கு அருள்புரிபவர் மட்டுமல்லர். மனுவைப் பெற்று, விசாரித்து, தீர்ப்பளிக்கும் அதிகாரியும் ஆவார். அணங்கும் இறையும் ஒருவரிடத்தே கூடும் இச்சடங்கு, தமிழ் அமானுடத் துப்பறியும் கதையின் சமூக வேரைக் காட்டுகிறது.

நெய்வேலி: மரபுரிமையற்ற வீடும் அகழப்பட்ட நிலமும்

மேற்கண்ட கதைகளின் முதற்பொருள் பெரும்பாலும் ஜமீன் மாளிகை, பண்ணை வீடு, கோயில் சார்ந்த சிற்றூர் ஆகியவை. இவை பரம்பரையாக வரும் இடங்கள். மூத்தோரின் சொத்தோடு மூத்தோரின் குற்றமும் வந்து சேர்வதால் அங்குப் பேய்க்கு இடமுண்டு. இவ்விதிக்குப் புறம்பான நிலமாக நெய்வேலி நகரியம் தோன்றக்கூடும். 1956-இல் நிறுவனம் உருவாகி, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டு, 1962-இல் சோவியத் உதவியுடன் அனல்மின் உற்பத்தி தொடங்கிய ஊர் இது. தெருக்கள் நேரானவை, குடியிருப்புகள் எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பட்டவை. நிறுவன வீடு, வழக்கில் குவார்ட்டர்ஸ், யாருக்கும் மரபுரிமையன்று. பணி ஓய்வு பெற்றவர் அதனைக் காலிசெய்து செல்ல, அடுத்தவர் வருவார். பேய்க்கதைக்கு இன்றியமையாத 'தாத்தாவின் வீடு' இங்கில்லை.

ஆனால் மரபுரிமை வீட்டின் மேல் இல்லையென்றால் அது நிலத்தின் கீழ் உண்டு. சுரங்கத்திற்காகவும் நகரியத்திற்காகவும் பல சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. நகரியத்தினுள் நிற்கும் வேலுடையான்பட்டு முருகன் கோயில் தன் பெயரில் பழைய ஊரொன்றை இன்றும் தாங்கியுள்ளது. கொத்துவாளிச் சக்கர எந்திரங்கள் மேல்மண்ணை அகழ்ந்து, நிலக்கரியை எடுத்து, மண்ணைப் பின்புறம் கொட்டி முன்னேறுகின்றன. பேய்க்குப் புளியமரமோ பாழ்கிணறோ வேண்டும். இங்கு மரமும் கிணறும் நின்ற மண்ணே இடம்மாறிவிடுகிறது. குற்றம் நடந்த இடத்தைத் துப்பறிவாளர் சென்று பார்ப்பது இவ்வகையின் அடிப்படை நிகழ்வு. சென்று பார்க்க இடமே இல்லாதபோது சான்று எங்கே எஞ்சும்? நிலமெடுப்பு ஆவணங்களிலும், இழப்பீட்டுக் கணக்கிலும், ஊர்ப்பெயர்களிலும், முதியோர் நினைவிலுமே எஞ்சும். குடிபெயர்வோர் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிறுவும் தமிழக வழக்கத்தில், ஒரு கைப்பிடி மண்ணே அவ்விடம் இருந்ததற்குரிய சான்றாகிறது.

நெய்வேலிச் சுரங்கத்தின் தொழில்நுட்பச் செய்தி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கிறது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் மேலே அகழ முடியும். கீழே அழுந்திக் கிடப்பதை நாள்தோறும் கணக்கில் கொள்ளாமல் மேலே எதுவும் நடைபெறாது என்பது இந்நிலத்தின் இயல்பு. 2023 சூலையில் வளையமாதேவிப் பகுதியில் நெற்பயிர் நின்ற நிலத்தில் கால்வாய் வெட்டும் பணி தொடங்கியபோது எழுந்த போராட்டங்கள், நிலம் பற்றிய வினா இங்கு முடிந்துபோன ஒன்றன்று என்பதைக் காட்டின. தமிழகத்தின் இரவுகளுக்கு ஒளி வழங்கிய ஊரில் இருள் எங்கிருக்கிறது என்று தேடும் கதை, ஒரு தனிக் கள்வனைப் பிடித்து முடிய இயலாது. வீடும் வேலையும் ஒளியும் தந்தவரும், நிலத்தைப் பெற்றுக்கொண்டவரும் ஒருவரே என்ற இரட்டைத்தன்மை இறை என்ற சொல்லுக்குள்ளேயே உண்டு. காப்பவர்மீதே எழும் அச்சத்தைத் தொல்காப்பியம் 'தம் இறை' என உரிமைச் சொல்லோடு குறித்தமை இவ்விடத்தில் பொருள் பெறுகிறது.

முடிவுரை

தமிழ் அமானுடத் துப்பறியும் புனைவு அச்சத்தை அணங்கிலிருந்து கள்வருக்கு இடம்பெயர்க்கும் பணியைத் திறம்படச் செய்துள்ளது. தானவன் முதல் கணேஷ்-வசந்த் வரையிலான மரபு, காரணம் கேட்கும் பழக்கத்தைப் பல தலைமுறை வாசகருக்கு வழங்கியது. அது சிறிய பணியன்று. எனினும் சான்று வினாவுக்கு விடை கிடைத்தவுடன் முறையீட்டு வினாவும் தீர்ந்ததாகக் கொள்ளும் போக்கு இவ்வகையில் வலுவாக உள்ளது. ஆவி ஒளிப்படிமம் என்று தெரிந்தாலும், கருப்பு உளநோய் என்று தெரிந்தாலும், நீதி கேட்டவர்களின் குறை அங்கேயே இருக்கிறது. சிலம்பின் பரலும் மதுராபதியின் சொல்லும் ஒன்றையொன்று அழிக்காமல் நின்ற காப்பிய மரபு இதற்கு மாற்று வழியைக் காட்டுகிறது.

மாளிகைகளைவிட்டு நெய்வேலி போன்ற தொழில்நகரங்களை முதற்பொருளாகக் கொள்ளும்போது, இவ்வகை தன் நான்காம் நிலைக்களனை அடைய வாய்ப்புண்டு. அவ்வாறு எழுதப்படும் கதையின் துப்பறிவாளர், கல்யாணராமனைப் போலப் பாடலையும் பெயரையும் திரட்டுபவராகவும், கண்ணகியைப் போலச் சான்றை அவைமுன் உடைத்துக் காட்டுபவராகவும் இருக்க நேரும். வெகுமக்கள் புனைவைப் பொழுதுபோக்கு என ஒதுக்காமல் மெய்ப்பாட்டியல் நோக்கில் பயில்வதும், இடம்பெயர்ந்த ஊர்களின் பெயர்களையும் வழக்காறுகளையும் முதியோர் உள்ளபோதே தொகுப்பதும் தமிழாய்வின் முன் உள்ள இணைப்பணிகள் ஆகும்.